எழுதப்படாத மூன்றாவது நாவல்

மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. அதில் பல ஆண்டுகள் தனியாகக் குடியிருந்தவர், நாள்தோறும் 'தினத்தந்தி' அலுவலகத்துக்குப் போவார், வேலை முடிந்ததும் அறைக்குத் திரும்புவார். பெயர் ப.சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குப் பிழைக்கப் போனவர். அங்கே மணமுடித்து, மனைவியை இழந்து, உலகப் போரை அந்த மண்ணிலேயே கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அதன்பின் மறுமணம் செய்துகொள்ளாமல் செய்தித்தாள் வேலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைக் கழித்தார். தமிழ் நாவலின் வரலாற்றைச் சொல்ல உட்காரும் எவரும் இன்று அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவர் எழுதியவை இரண்டே நாவல்கள்.

முதலாவது 'கடலுக்கு அப்பால்'. 1950 வாக்கில் எழுதிய கைப்பிரதியைப் புத்தகமாகப் போட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959இல் வெளிவந்தது. இரண்டாவது 'புயலிலே ஒரு தோணி'. 1962இல் எழுதி முடித்தார். மேடான் தெருக்களும் பினாங்குத் துறைமுகமும் நேதாஜியின் படையும் மதுரைக் கடைவீதிகளின் நினைவும் ஒன்றின் மேல் ஒன்றாகப் புரண்டு வரும் நாவல் அது. தமிழரின் பழம்பெருமைப் பேச்சைத் தமிழர் வாயாலேயே பகடி செய்யும் துணிச்சலும் அதில் இருந்தது. அதற்கும் பதிப்பாளர் அமையவில்லை. பத்து ஆண்டுகள் கைப்பிரதியாகவே கிடந்துவிட்டு 1972இல் அச்சேறியது. வெளிவந்த பிறகும் பெரிய சலனம் ஏதும் எழவில்லை. அந்த நாவலின் அருமையை உரக்கச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பின்னால் வந்த தலைமுறையினர். அவர்கள் குரல் பரவலாகக் கேட்கத் தொடங்கியபோது சிங்காரம் முதியவராகிவிட்டார். 1997 டிசம்பரில் காலமானார். மூன்றாவது நாவல் இல்லை.

எழுதுவதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டிய அறை அது. அப்படி யோசிக்கிறவரைச் சுற்றி இருப்பவர்கள் அதைவிடக் கூடுதலாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று தமிழில் எழுதுகிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அரைமணி நேரத்துக்குள் அந்த வரி வந்துவிடுகிறது: "எழுதி என்ன ஆகப்போகுது?" சிலர் "கையே ஓட மாட்டேங்குது" என்கிறார்கள். சிலர் இரண்டாவது புத்தகத்துக்குப் பிறகு பேனாவை எடுக்கவே தோன்றவில்லை என்கிறார்கள். இந்தச் சலிப்பை வெறும் மனநிலைக் கோளாறு என்று ஒதுக்க முடியாது. அதற்குப் பின்னால் சாதாரணக் கூட்டல் கழித்தல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழில் ஒரு நாவலோ கதைத் தொகுப்போ வந்தால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள் அச்சடிப்பது வழக்கம். இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் வசதி வந்துவிட்டது. புதியவரின் புத்தகம் நூறு, நூற்றைம்பது படிகளோடு நின்றுவிடுவது உண்டு. விலை 250 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு படிக்கு 25 ரூபாய். முந்நூறு படிகள் விற்றால் 7,500 ரூபாய். மூன்று வருட உழைப்புக்கு அதுதான் வரவு, அதுவும் கணக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் அது எப்போது வரும் என்று காத்திருக்கும் நாட்களில் எழுத்தாளர் அடுத்த புத்தகத்தை மறந்தே போகலாம்.

சிறுகதைக்கு இடம் தந்த பக்கங்களும் குறைந்துவிட்டன. 'கல்கி' வார இதழ் 2020இல் அச்சை நிறுத்திக்கொண்டது. சிற்றிதழ்களில் பெரும்பாலானவை எழுதியவருக்கு ஒரு பிரதி அனுப்பும், பணம் தராது. அவற்றின் மேல் குறைசொல்லவும் மனம் வராது, அவையே கைக்காசில் ஓடுகின்றன.

இவ்வளவு இருந்தும், பணம் கிடைக்காததால் மட்டும் எழுத்தை விட்டவர்கள் தமிழில் அதிகம் இல்லை. பணம் வராது என்பது தெரிந்தே வருகிறார்கள். பள்ளி ஆசிரியராக, வங்கி ஊழியராக, தபால்துறைப் பணியாளராக, ஜவுளிக்கடைக்காரராக இருந்துகொண்டு எழுதியவர்களின் மொழி இது. அவர்களை முடக்குவது வேறு. மூன்று வருடம் எழுதிய நாவல் வெளிவந்து ஆறு மாதம் ஆன பிறகும், படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாதபோது விழுகிற அடி அது. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், படித்திருக்கிறார்கள் என்றாவது தெரியும். பதிலே இல்லாத வீட்டின் கதவை எத்தனை முறைதான் தட்டுவது?

எழுதும் ஊக்கம் எழுத்தாளரின் நெஞ்சுக்குள்ளேயே ஊறுகிற ஊற்று என்று ஒரு நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. உண்மையான எழுத்தாளராக இருந்தால் எது வந்தாலும் எழுதிவிடுவார், நின்றுவிட்டார் என்றால் அவரிடம் அவ்வளவுதான் இருந்தது என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு. எழுதுவது ஒருவர் தனியாகச் செய்கிற வேலைதான். ஆனால் தொடர்ந்து எழுதுவது இருவர் சேர்ந்து செய்கிற வேலை. அந்த இரண்டாம் ஆள் மனைவியாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், பத்திரிகை ஆசிரியராக இருக்கலாம், நானூறு மைலுக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத வாசகராகவும் இருக்கலாம். அந்த ஆள் இல்லாத எழுத்தாளரின் மௌனத்தை அவருடைய குறையாக எழுதி வைப்பது நியாயமே இல்லை.

சிங்காரத்தின் கைப்பிரதி மதுரையில் காத்துக்கிடந்த அதே ஆண்டுகளில், லண்டனில் ஒரு பெண்மணிக்கும் ஏறக்குறைய இதே கதி நேர்ந்தது. பார்பரா பிம் ஆறு நாவல்கள் வெளியிட்டவர். அலுவலக வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர். 1963இல் அவருடைய ஏழாவது நாவலை அவரது பதிப்பகமே திருப்பி அனுப்பியது. காலம் மாறிவிட்டது, இப்படிப்பட்ட அமைதியான கதைகளை இனி யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அந்நாளைய வணிகக் கணக்கு. வேறு பதிப்பகங்களும் மறுத்தன. பதினான்கு ஆண்டுகள் அவர் பெயரில் ஒரு புதிய புத்தகமும் வரவில்லை. 1977 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்' இதழ், உரிய மதிப்புக் கிடைக்காத எழுத்தாளர்கள் யார் என்று பலரிடம் கேட்டது. கவிஞர் பிலிப் லார்கினும் விமர்சகர் டேவிட் செசிலும் தனித்தனியே அவர் பெயரைச் சொன்னார்கள். அந்த ஆண்டே அவருடைய 'குவார்ட்டெட் இன் ஆட்டம்' வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 1977ஐத்தான் சொல்வார்கள். அதைவிட முக்கியமானவை அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகள். புகழ் திரும்பி வந்த வேளையில் கொடுக்க பிம்மின் கையில் ஒரு நாவல் ஆயத்தமாக இருந்தது. பதிப்பாளர் இல்லை என்று தெரிந்தும் அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். அதற்கு ஒரு காரணம், 1961 முதலே லார்கின் அவருக்குக் கடிதம் எழுதி வந்தார். ஹல் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த லார்கின், பிம்மின் நாவல்களை மறுபடி மறுபடி படித்தவர். இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டது 1975இல்தான். அதுவரை எல்லாம் தபாலில். ஒரே ஒரு வாசகர், அவரும் கடிதத்தில் மட்டும். அது போதுமானதாக இருந்தது.

தமிழிலும் இப்படி ஒருவரால் இன்னொருவர் எழுந்து வந்த கதைகள் உண்டு. ந.பிச்சமூர்த்தி 'மணிக்கொடி' இதழின் காலத்திலேயே கதையும் வசன கவிதையும் எழுதிப் பெயர் பெற்றவர். பிறகு அறநிலையத் துறையில் கோயில் நிர்வாக அதிகாரியாகப் போனார். கோயில் கணக்கும் குத்தகையும் வழக்கும் பார்க்கிற வேலையில் கவிதை ஒதுங்கிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் 'பழைய மணிக்கொடி எழுத்தாளர்' என்ற அடைமொழியோடு அவர் கதை முடிந்திருக்கும். 1959 ஜனவரியில் சி.சு.செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் பழைய கவிதையான 'பெட்டிக்கடை நாரணன்' மறுபிரசுரமானது. அச்சில் ஒருமுறை வந்து மறந்துபோன கவிதையை எடுத்து, இது இன்றைக்கும் வேண்டியது என்று செல்லப்பா முன்னால் வைத்தார். பிச்சமூர்த்தி மறுபடி கவிதை எழுதத் தொடங்கினார். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 'காட்டு வாத்து', 'வழித்துணை' தொகுப்புகள் அதன்பின் வந்தவை. அவரைப் பார்த்து இளைஞர்கள் எழுதினார்கள். 1962இல் செல்லப்பா வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இருந்தன. தமிழ்ப் புதுக்கவிதை இயக்கம் என்று இன்று பாடத்திட்டத்தில் படிக்கிற விஷயத்தின் பெரும்பகுதி, ஒரு பழைய கவிதையை ஒருவர் மறக்காமல் வைத்திருந்ததில் தொடங்கியது.

அந்தச் செல்லப்பாவுக்கு ஊக்கம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. சொத்தைக் கரைத்து 'எழுத்து' நடத்தினார். 119 இதழ்கள் கொண்டுவந்தார். 1970இல் நிறுத்த வேண்டியதாயிற்று. புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். பத்திரிகை நின்றபின் அவருடைய எழுத்தும் நின்றிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எண்பத்தைந்தாவது வயதில், 1997இல், மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலைத் தன் செலவிலேயே வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். சாகித்ய அகாதெமி விருது 2001இல், அவர் இல்லாதபோது வந்தது. செல்லப்பாவைப் போன்ற பிடிவாதம் கோடியில் ஒருவருக்கு அமையும். அதைக் காட்டி மற்றவர்களை "அவரைப் பார், நீயும் எழுது" என்று அதட்டுவது கொடுமை. அவரிடம் கற்க வேண்டியது வேறொன்று: தன் பத்திரிகையில் இடம் கொடுத்து மற்றவர்களை எழுத வைத்தாரே, அது.

திருநெல்வேலிச் சீமையில் இன்னொரு வழக்கம் இருந்தது, அஞ்சலட்டை. ராஜவல்லிபுரத்துக்காரரான வல்லிக்கண்ணன், எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து வரும் சிற்றிதழில் யாரோ ஒரு புதியவர் எழுதிய கதையைக்கூடப் படித்துவிட்டு, நுணுக்கி நுணுக்கி ஓர் அட்டை எழுதிப் போட்டுவிடுவார். 'தாமரை' இதழைப் பொறுப்பேற்று நடத்திய தி.க.சிவசங்கரனும் அப்படித்தான். நெல்லை டவுன் சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து அவர் எழுதிய அட்டைகள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போயின. விமர்சனம் என்ற பெரிய பெயருக்கு அவை உரியவை அல்ல. கதை வந்தது, படித்தேன், இன்ன இடம் நன்றாக இருந்தது, தொடர்ந்து எழுதுங்கள், அவ்வளவுதான். சிலர் இதை அளவுகடந்த தாராளம் என்றார்கள். தரம் பார்க்காமல் எல்லோரையும் தட்டிக்கொடுக்கிறார்கள் என்ற குறையும் சொல்லப்பட்டது. அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அட்டையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் எழுத்தாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டாவது கதையை எழுத வைத்தது அதுதான் என்று அவர்கள் சொல்லும்போது, தரம் பற்றிய வாதம் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. முதல் கதையிலேயே தரத்தை எட்டியவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்குப் பத்தாவது கதைவரை போக ஒரு கைத்தாங்கல் வேண்டியிருந்தது.

வண்ணதாசன் எழுதிய கடிதங்களே புத்தகமாக வந்திருக்கின்றன. கு.அழகிரிசாமி தன் இடைசெவல் நண்பர் கி.ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களும் அப்படியே. கி.ரா.வின் முதல் கதை அச்சானபோது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒரு கரிசல்காட்டு விவசாயி, பிற்பாடு 'கோபல்ல கிராமம்' எழுதியதற்குப் பின்னால், அதே ஊர் நண்பனோடு பல வருடம் பேசிய பேச்சும் பரிமாறிய கடிதமும் இருக்கின்றன. எழுத்தாளர்களை உருவாக்குவது எப்படி என்று இன்று பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. ஒரு நண்பன் செய்ததை அவற்றால் செய்ய முடியுமா என்பது ஐயமே.

ஆனால் எல்லா மௌனமும் கைவிடப்பட்டவரின் மௌனம் அல்ல. சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலை 1966இல் வெளியிட்டார். வரவேற்பு இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், நாகர்கோவிலில் சொந்த ஜவுளிக்கடை இருந்தது. இருந்தும் அதன்பின் சில ஆண்டுகள் அவர் ஏறக்குறைய எழுதவே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தபோது அவருடைய மொழியே வேறாகியிருந்தது. முன்பு எழுதிய கதைகளின் இனிமையும் முற்போக்குக் கனவும் போய், இறுகிய, தன்னையே கேள்வி கேட்கிற உரைநடை வந்திருந்தது. 1981இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' அந்த மௌனத்தைக் கடக்காமல் வந்திருக்காது. பழைய மாதிரி எழுதக் கை ஓடவில்லை என்பது சில சமயம் நல்ல அறிகுறி. எழுதத் தெரிந்த பழைய விதம் தீர்ந்துவிட்டது, புதியது இன்னும் பிடிபடவில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டு வைக்கிற விவசாயியை யாரும் சோம்பேறி என்பதில்லை.

ஜெயகாந்தனின் மௌனம் இன்னொரு வகை. ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை தமிழ் வாசகர்களை உலுக்கியவர், 2015இல் மறைவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கதையாக எழுதியது மிகச் சொற்பம். ஞானபீட விருது 2002ஆம் ஆண்டுக்கு உரியதாக வந்தது. அப்போதும் மேடைகளில் அவரைப் பார்த்து, ஏன் எழுதுவதில்லை என்று கேட்காதவர்கள் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர் என்ற கம்பீரத்தோடு அவர் வாழ்ந்தார். அந்தக் கேள்வியில் ஓர் உரிமை மீறல் இருந்தது. எழுத்தாளருக்கு எழுத உரிமை இருப்பதுபோலவே நிறுத்தவும் உரிமை உண்டு. நிறைந்து நிறுத்துகிறவரை வாசகர்கள் வணங்கி வழியனுப்ப வேண்டும்.

நிறுத்த வைக்கப்பட்டவர்களின் கதை இந்தக் கணக்கிலேயே சேராது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன், எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2010இல் வந்த 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கிளம்பிய போராட்டமும் நாமக்கல்லில் நடந்த சமரசக் கூட்டமும் அவரை அந்த இடத்துக்குத் தள்ளின. அது ஊக்கம் வற்றியதால் வந்த முடிவு அல்ல. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, மறுபடி எழுதச் சொன்னது. அடுத்த மாதமே 'கோழையின் பாடல்கள்' வந்தது. வெளியே செத்துவிட்டதாக அறிவித்த நாட்களில் உள்ளே எழுதிய கவிதைகள் அவை. அந்த ஆண்டு முடிவதற்குள் 'பூனாச்சி' நாவலும் வந்தது. நிறுத்திவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னவர் தனக்காக எழுதிக்கொண்டிருந்தார் என்ற செய்தியில், முடிவெடுக்கத் திணறுகிறவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. எழுதுவதும் வெளியிடுவதும் ஒரே கயிறு அல்ல. சலித்துப்போனது எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பலருக்குச் சலித்துப்போயிருப்பது எழுத்து அல்ல, அதைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்ட மற்ற வேலைகள். புத்தக வெளியீட்டுக்கு ஆள் சேர்ப்பது, அட்டைப்படத்தை நாளுக்கு நான்கு முறை பகிர்வது, நண்பர்களிடம் விமர்சனம் கேட்டுக் கெஞ்சுவது, விருதுப் பட்டியல் வரும்போதெல்லாம் மனசு படபடப்பது. ஜனவரியில் சென்னைப் புத்தகக்காட்சி நடக்கும் நாட்களில் இந்தப் படபடப்பு உச்சத்துக்குப் போகும். நூற்றுக்கணக்கான அரங்குகள், பல்லாயிரம் தலைப்புகள். தன் புத்தகம் எந்த அலமாரியின் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் வீடு திரும்புகிறவர், அன்று ராத்திரியே இனி எழுதுவதில்லை என்று சபதம் எடுக்கக்கூடும். அந்தச் சபதத்தைப் பொங்கல் கழிந்து, மாசி பிறக்கும் வரையாவது ஒத்திவைப்பது நல்லது. கூட்டத்தின் நடுவே எடுக்கிற முடிவு எழுத்தைப் பற்றியது அல்ல, கூட்டத்தைப் பற்றியது.

இன்னொரு சோதனையும் உண்டு. எழுதப் பிடிக்கவில்லை என்கிறவர் படிக்கவும் பிடிக்காமல் இருக்கிறாரா? ஒரு நல்ல கதையைப் படித்துவிட்டு, இதை நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேனே என்று ஒரு குறுகுறுப்பு இன்னும் எழுகிறதா? எழுகிறது என்றால் விஷயம் முடியவில்லை, ஆள் களைத்திருக்கிறார். களைத்தவருக்குத் தேவை ஓய்வு. அந்தக் குறுகுறுப்பும் போய்விட்டது, போனதில் வருத்தமும் இல்லை என்றால் தாராளமாக நிறுத்தலாம். தோட்டம் போடலாம், குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம், பிறர் எழுதியதைப் படிக்கலாம். நல்ல வாசகர் ஒருவர் கூடினால் மொழிக்கு அதுவும் லாபமே. எழுதுகிறவர் வாசகரைவிட ஒரு படி மேல் என்ற எண்ணத்தால்தான், நிறுத்துவது பலருக்கு மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

பெண்களின் நிலையில் இந்தக் கேள்வியே வேறு உருவம் எடுக்கிறது. துவரங்குறிச்சியில் பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட சல்மா, திருமணத்துக்குப் பிறகும் வீட்டாருக்குத் தெரியாமல் ராத்திரியில் ஒளிந்து எழுதினார். எழுதிய தாள்களை மறைத்து வைத்தார். கவிதைகள் அம்மாவின் உதவியோடு வெளியே போயின. எழுதுவது யார் என்று தெரியாமலிருக்கப் புனைபெயர். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல். எழுதாமலிருக்க எல்லாக் காரணங்களும் அவருக்கு இருந்தன. அம்மா என்ற ஓர் ஆள் அவருக்கும் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரி மலரில் முதல் கவிதை எழுதி, கல்யாணத்தோடு பேனாவை மூடி வைத்த எத்தனையோ பெண்களுக்கு அந்த ஓர் ஆள் கிடைக்கவில்லை. அவர்கள் "எனக்கு இப்ப எழுத வர்றதில்ல" என்று சொல்லும்போது, அதை ஊக்கக் குறைவு என்று பெயரிட்டு நகர்வது பாவம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ராத்திரி பத்து மணிக்கு அடுப்படி விளக்கை அணைக்கிறவருக்குத் தேவை உற்சாகமூட்டும் பேச்சு அல்ல. ஒரு மணி நேரம், ஒரு மேசை, கதவைத் தட்டாத வீட்டார்.

எனவே விடுவதா வேண்டாமா என்ற கேள்வியை எழுத்தாளர் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்குவது சரியல்ல. கைப்பிரதி அனுப்பியவருக்கு மூன்று மாதத்துக்குள் வேண்டும், வேண்டாம் என்று ஏதாவது ஒரு பதிலைப் பதிப்பகங்கள் எழுதலாம். 'வேண்டாம்' என்பதைத் தாங்கிக்கொள்ளலாம், பதிலே வராததைத் தாங்குவது கடினம். வருடத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, தொகை சிறியதாக இருந்தாலும், ஒழுங்காக வந்து சேர வேண்டும். நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பதும் பணம் கொடுப்பதும் குறித்த மாதத்தில் நடந்தால், எத்தனையோ சிறு பதிப்பாளர்கள் அடுத்த கைப்பிரதியைத் துணிந்து எடுப்பார்கள். நாளிதழ்கள் புத்தக மதிப்புரைக்கு ஒதுக்கும் இடத்தில், பெயர் தெரிந்தவர்களுக்கு நடுவே முதல் புத்தகக்காரர் ஒருவருக்கும் வாரந்தோறும் இடம் கொடுக்கலாம். இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல.

வாசகரின் பங்கு இன்னும் எளியது. இன்று பல புத்தகங்களின் முதல் பக்கத்திலேயே ஆசிரியரின் மின்னஞ்சலோ கைபேசி எண்ணோ அச்சாகியிருக்கிறது. படித்து முடித்த இரவே நான்கு வரி அனுப்ப முடியும். விருப்பக்குறி போட்டு நகர்வதைச் சொல்லவில்லை. எந்தப் பாத்திரம் மனதில் நின்றது, எந்த இடத்தில் இடறியது என்று நான்கு வரி. வல்லிக்கண்ணனுக்கு அதைச் செய்ய அஞ்சலட்டை வாங்க வேண்டியிருந்தது, முகவரி தேட வேண்டியிருந்தது, நடந்து போய்த் தபால்பெட்டியில் போட வேண்டியிருந்தது. அவர் செய்தார்.

'புயலிலே ஒரு தோணி' புத்தகமாகக் கைக்கு வந்தபோது சிங்காரத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. மேடானும் பினாங்கும் போரும் அவர் நினைவில் அப்படியே இருந்தன. தாளும் மையும் அன்றாடம் கையில் புழங்குகிற வேலை.  மதுரையிலேயே அவர் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார்.